‘என்னை டீஃபால்ட் ஆக்குங்கள்’ என்று பிரவுசர் தினமும் கேட்கிறதா? நிறுத்தும் வழி இதோ

போன மாதக் கடைசியில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். குரலே சரியில்லை.

“ஏம்மா, கம்ப்யூட்டரைத் திறந்தாலே ஏதோ ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தொல்லை தாங்காம நேத்து ராத்திரி சரின்னு அமுக்கிட்டேன். காலைல பார்த்தா என் பாஸ்வேர்டு எல்லாம் காணோம். எவனோ உள்ள பூந்துட்டான் போல. பேங்க்ல போய் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு வந்துதான் உனக்குப் பேசுறேன்.”

யாரும் உள்ளே புகவில்லை. நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். அவர் பல வருஷமாக ஒரு பிரவுசரில்தான் மின் கட்டணம், சொத்து வரி, பட்டா என எல்லாம் பார்ப்பார். கம்ப்யூட்டரில் இருந்த இன்னொரு பிரவுசர் ‘என்னை டீஃபால்ட் ஆக்குங்கள்’ என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் சரி என்றுவிட்டார். மறுநாள் மின்னஞ்சலில் வந்த கட்டண இணைப்பைத் தொட்டதும் அது புதிய பிரவுசரில் திறந்தது. அங்கே அவருடைய பாஸ்வேர்டு ஒன்றும் சேமித்து வைக்கப்படவில்லை. அவ்வளவுதான். பழைய பிரவுசரில் எல்லாம் அப்படியே பத்திரமாக இருந்தது.

ஆனால் ஓய்வூதியம் வந்து விழும் வாரத்தில் கணக்கை முடக்கியாகிவிட்டது. அதைத் திரும்பத் திறக்க மூன்று நாள் அலைந்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருக்கலாம். அல்லது நீங்களே அந்தக் கேள்வியைத் தினமும் பெருக்கல் குறி போட்டு மூடிக்கொண்டிருக்கலாம். இதை ஒரேயடியாக நிறுத்த முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் கேட்பது யார் என்று தெரிந்தால்தான் ‘வேண்டாம்’ என்பதைச் சரியான இடத்தில் சொல்ல முடியும்.

டீஃபால்ட் என்றால் என்ன?

டீஃபால்ட் பிரவுசரை அரசுத் தளங்களில் ‘இயல்புநிலை உலாவி’ என்று எழுதுவோம். வாட்ஸ்அப்பிலோ, குறுஞ்செய்தியிலோ, மின்னஞ்சலிலோ, ஒரு கோப்பிலோ உள்ள இணைப்பை நீங்கள் தொடும்போது, எந்த பிரவுசர் தானாகத் திறக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாடு. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஒரு பிரவுசரைப் பயன்படுத்த அது டீஃபால்ட்டாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘வேண்டாம்’ என்று சொன்னால் பிரவுசர் மெதுவாகாது, நின்றுபோகாது, அப்டேட் வராமல் போகாது. ‘சரி’ என்று சொன்னாலும் உங்கள் பழைய பிரவுசரில் உள்ள எதுவும் அழியாது. இந்த இரண்டு வரியைப் பெரியப்பாவிடம் முன்பே யாராவது சொல்லியிருந்தால் வங்கி வரை போயிருக்க மாட்டார்.

அப்படியென்றால் எது டீஃபால்ட் என்பது முக்கியமே இல்லையா? முக்கியம்தான், வேறு காரணத்துக்காக. ஒரு விண்ணப்பத்தை நீங்கள் ஒரு பிரவுசரில் லாகின் செய்து நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஓர் இணைப்பு வருகிறது. தொட்டதும் அது வேறு பிரவுசரில் திறந்தால், அங்கே நீங்கள் லாகின் செய்யாத ஆள். ‘மீண்டும் உள்நுழையவும்’ என்று வரும். கடைசி நாளில், கடைசி ஒரு மணி நேரத்தில் இது நடந்தால் கை கால் ஓடாது. ஆகவே நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் பிரவுசரே டீஃபால்ட்டாகவும் இருப்பது நல்லது.

ஏன் இப்படி விடாமல் கேட்கிறது?

காசுதான் காரணம். நீங்கள் எந்த பிரவுசரில் இருக்கிறீர்களோ, அதில் ஏற்கெனவே அமைத்து வைத்திருக்கும் தேடுபொறியில்தான் பெரும்பாலும் தேடுவீர்கள். தேடினால் விளம்பரம் வரும். விளம்பரத்தில் வருமானம் வரும். தன் தேடுபொறியை முதல் தேர்வாக வைத்திருப்பதற்காக கூகுள் நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் மட்டும் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். இது அமெரிக்க நீதிமன்றத்தில் 2023-ல் நடந்த வழக்கு விசாரணையில் வெளியான கணக்கு. ‘டீஃபால்ட்’ என்ற ஒற்றை இடத்துக்கு அவ்வளவு விலை. உங்கள் திரையில் தினமும் வரும் அந்தச் சின்னப் பட்டைக்குப் பின்னால் இருப்பது இந்தச் சந்தைதான்.

நம் நாட்டிலும் இது வழக்காகியிருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளுக்குச் சாதகமாக நடந்துகொண்டதாக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவில் குரோம் பிரவுசரின் பெயரும் வருகிறது. ஐரோப்பாவில் இந்தச் சண்டை இன்னும் பழையது. விண்டோஸில் எந்த பிரவுசர் வேண்டும் என்று மக்களைக் கேட்கும் திரையைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டு, பிறகு பல மாதங்கள் காட்டாமல் விட்டதற்காக 2013-ல் மைக்ரோசாஃப்ட்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம் போட்டார்கள்.

சரி, பெரிய இடத்துச் சண்டை இருக்கட்டும். நம் திரைக்கு வருவோம்.

‘சரி’ சொன்ன பிறகும் கேட்கிறதே!

வாசகர்கள் பலருக்கு இருக்கும் உண்மையான குழப்பம் இதுதான். “நான்தான் ஏற்கெனவே சரின்னு சொல்லிட்டேனே, திரும்பத் திரும்ப ஏன் கேக்குது?”

காரணம் இதுதான்: பெரும்பாலான நேரங்களில் உங்கள் ‘சரி’ பாதியிலேயே நின்றுவிடுகிறது. முன்பெல்லாம், அதாவது விண்டோஸ் 7 காலம் வரை, ஒரு பிரவுசர் தன்னைத் தானே டீஃபால்ட் ஆக்கிக்கொள்ள முடிந்தது. கண்ட கண்ட மென்பொருளும் அதைத் தவறாகப் பயன்படுத்தியதால், பிறகு வந்த விண்டோஸ்களில் அந்த உரிமையைச் சுருக்கிவிட்டார்கள். 2015-ல் வந்த விண்டோஸ் 10-இல் நீங்களே செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய்த் தேர்வு செய்தால்தான் மாறும் என்றார்கள். அப்போது ஃபயர்ஃபாக்ஸை வெளியிடும் மொசில்லாவின் தலைவர், மைக்ரோசாஃப்ட் தலைவருக்கு இதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதமே எழுதினார்.

இதனால் என்ன ஆகிறது? பிரவுசர் கேட்கிறது. நீங்கள் ‘செட் அஸ் டீஃபால்ட்’ பொத்தானை அழுத்துகிறீர்கள். உடனே விண்டோஸின் செட்டிங்ஸ் சன்னல் ஒன்று திறக்கிறது. ‘இது என்ன புதுசா?’ என்று நினைத்து அதை மூடிவிடுகிறீர்கள். வேலை முடிந்துவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் எதுவுமே மாறவில்லை. மறுநாள் பிரவுசர் தன் நிலையைச் சரிபார்க்கிறது, தான் டீஃபால்ட் இல்லை என்று பார்க்கிறது, மறுபடி கேட்கிறது. அதன் கணக்குப்படி நீங்கள் இன்னும் பதிலே சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலை, பிரவுசர் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே போய் விண்டோஸில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுவது.

விண்டோஸ் 11 என்றால்: ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘செட்டிங்ஸ்’ திறங்கள். இடப்பக்கம் ‘ஆப்ஸ்’, அதில் ‘டீஃபால்ட் ஆப்ஸ்’. கீழே வரும் பட்டியலில் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பிரவுசரின் பெயரைத் தொடுங்கள். உள்ளே போனதும் மேலே ‘செட் டீஃபால்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துங்கள். 2021-ல் விண்டோஸ் 11 வந்த புதிதில் இந்தப் பொத்தான் கிடையாது; ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது. பலரும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, 2022-ல் ஒரு அப்டேட்டில் பொத்தானைக் கொடுத்தார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் பொத்தான் இல்லை என்றால் விண்டோஸ் அப்டேட் பல காலமாக நடக்கவில்லை என்று அர்த்தம். முதலில் அதைக் கவனியுங்கள்.

பொத்தானை அழுத்திய பிறகு அதே பக்கத்தில் ஒரு தடவை கீழே இறக்கிப் பாருங்கள். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், எச்டிஎம், எச்டிஎம்எல் ஆகிய நான்குக்கும் நேரே உங்கள் பிரவுசரின் பெயர் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மாறாமல் நின்றால் பிரவுசர் தன்னை முழு டீஃபால்ட்டாக எண்ணாது, திரும்பக் கேட்கும். பிடிஎஃப் வரிசை வேறு கதை. அது உங்கள் இஷ்டம். சான்றிதழ்களைப் படிக்கத் தனியாக ஒரு பிடிஎஃப் செயலி வைத்திருந்தால் அதையே விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 10 என்றால்: ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘டீஃபால்ட் ஆப்ஸ்’, அதில் ‘வெப் பிரவுசர்’. அதைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். வங்கி வேலை செய்யும் கம்ப்யூட்டர் என்றால் இது டீஃபால்ட் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை.

மேக் கணினியில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ உள்ளே ‘டெஸ்க்டாப் அண்ட் டாக்’ பகுதியில் இதே தேர்வு இருக்கிறது.

இதைச் செய்ததும் நீங்கள் பயன்படுத்தும் பிரவுசர் கேட்பதை நிறுத்திவிடும். அது கேட்டதைக் கொடுத்துவிட்டோமே! இனி கேட்கப்போவது மற்றவை.

வேண்டாத பிரவுசரின் வாயை அடைப்பது

ஃபயர்ஃபாக்ஸ் இதில் நேர்மையானது என்பேன். மூன்று கோடு மெனுவில் ‘செட்டிங்ஸ்’ திறந்தால், ‘ஜெனரல்’ பகுதியில் மேலேயே, ஃபயர்ஃபாக்ஸ்தான் டீஃபால்ட்டா என்று எப்போதும் சரிபார்க்கவும் என்ற பொருளில் ஒரு டிக் கட்டம் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். கதை முடிந்தது.

குரோமில் இப்படி ஒரு கட்டம் இல்லை. முகவரிப் பட்டைக்குக் கீழே வரும் அறிவிப்பைப் பெருக்கல் குறி அழுத்தி மூடலாம். மூடினால் நீங்கள் மறுத்ததை அது குறித்துக்கொள்கிறது. ஆனால் ‘இனி எப்போதும் கேட்காதே’ என்று சொல்ல செட்டிங்ஸில் இடமில்லை. எட்ஜ் பிரவுசரும் கிட்டத்தட்ட அப்படியே. அறிவிப்பில் ‘நாட் நவ்’ என்றோ பெருக்கல் குறியோ இருக்கும், அதைத் தேடி அழுத்த வேண்டும். ‘இப்போது வேண்டாம்’ என்பதற்கும் ‘வேண்டாம்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதுகிறார்கள்.

அதனால் இந்த இரண்டையும் பொறுத்தவரை, வேறு பக்கமாக வர வேண்டும். நீங்கள் திறக்காமலேயே ஒரு பிரவுசர் வந்து நிற்கிறது என்றால், அது கம்ப்யூட்டர் தொடங்கும்போதே சேர்ந்து தொடங்குகிறது என்று பொருள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ வரும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போய் அந்த பிரவுசரின் பெயரைத் தேர்ந்து ‘டிசேபிள்’ கொடுங்கள். எட்ஜ் என்றால் அதன் செட்டிங்ஸில் ‘சிஸ்டம் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’ என்பதையும் அணைத்துவிடுங்கள். பிரவுசர் திறந்தால்தானே கேட்கும்.

இன்னொன்று. உங்களுக்கே தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பிரவுசர்கள். தமிழ் எழுத்துரு, பிடிஎஃப் மாற்றி, வீடியோ பிளேயர் என ஏதாவது இலவசமாக இறக்கும்போது, ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போவோம். நடுவில் ஒரு டிக் கட்டத்தில் கூடுதலாக ஒரு பிரவுசரும் சேர்ந்து வந்துவிடும். ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். நீங்கள் வைக்காத, பயன்படுத்தாத பிரவுசர் இருந்தால் ‘அன்இன்ஸ்டால்’ செய்யுங்கள். அதில் ஏதாவது பாஸ்வேர்டு சேமித்திருக்கிறீர்களா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்பது பிரவுசரே இல்லை, விண்டோஸ்!

சில நாட்களில், பெரிய அப்டேட் முடிந்த கையோடு, முழுத்திரையில் ஒரு பக்கம் வரும். உங்கள் கணினி அமைப்பை முடித்துவிடலாம் வாருங்கள் என்கிற மாதிரி எழுதியிருக்கும். ஏதோ கட்டாய வேலை போலவே இருக்கும். அதில் ஒரு படியில், ‘பரிந்துரைக்கப்பட்ட பிரவுசர் அமைப்பைப் பயன்படுத்தவும்’ என்பது முன்னால் நிற்கும். அவசரத்தில் ‘கன்டின்யூ’ அழுத்தினால், நீங்கள் வைத்த டீஃபால்ட் மாறிவிடலாம். அங்கே மாற்றாமல் அப்படியே விடு என்ற தேர்வும் இருக்கும், கொஞ்சம் மங்கலாக. அதைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தப் பக்கமே வராமல் செய்ய வழி உண்டு. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ வரை போங்கள். பக்கத்தின் அடியில் ‘அடிஷனல் செட்டிங்ஸ்’ என்று ஒன்று மடங்கிக் கிடக்கும். விரித்தால் மூன்று டிக் கட்டங்கள். அப்டேட்டுக்குப் பின் வரும் வரவேற்புத் திரை, கணினி அமைப்பை முடிக்கச் சொல்லும் யோசனை, அவ்வப்போது வரும் குறிப்புகள். மூன்றின் டிக்கையும் எடுத்துவிடலாம். பாதுகாப்பு அப்டேட்டுகள் இதனால் நிற்காது. பயப்பட வேண்டாம்.

போனில்

போனில் விஷயம் எளிது. ஆண்ட்ராய்டில் ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘டீஃபால்ட் ஆப்ஸ்’, ‘பிரவுசர் ஆப்’. வேண்டியதைத் தேர்ந்தால் போதும். போன் நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் கொஞ்சம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் ‘டீஃபால்ட்’ என்று அடியுங்கள். ஐபோனில் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல்தான் டீஃபால்ட் பிரவுசரை மாற்றவே விட்டார்கள். அங்கே செட்டிங்ஸில் அந்த பிரவுசரின் பெயருக்குள் போனால் தேர்வு இருக்கும்.

சில பிரவுசர்கள் போனில் அறிவிப்பாகவே அனுப்பும். அந்த அறிவிப்பின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், அதை அணைக்கும் வசதி வரும். அப்புறம், டீஃபால்ட்டை மாற்றிய பிறகும் சில செயலிகளில் தொட்ட இணைப்பு அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கிறதே என்று கேட்பீர்கள். அது அந்தச் செயலியே வைத்திருக்கும் குட்டி பிரவுசர். உங்கள் டீஃபால்ட் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் நிற்கவில்லையா?

அப்படியானால், நீங்கள் சொன்ன பதிலை யாரோ அழிக்கிறார்கள். ‘கேட்காதே’ என்ற பதிலை பிரவுசர் தன் குறிப்புகளில்தான் எழுதி வைக்கிறது. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ‘கிளீனர்’ மென்பொருள்கள் சில, குப்பையோடு குப்பையாக அந்தக் குறிப்பையும் துடைத்துவிடும். மறுநாள் பிரவுசருக்கு நீங்கள் புது ஆள். அந்த மென்பொருளை நிறுத்திப் பாருங்கள்.

ஒரே கம்ப்யூட்டரில் வீட்டில் ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வைத்திருந்தால், டீஃபால்ட்டும் ஆளுக்கொன்றுதான். அப்பா கணக்கில் மாற்றியது அம்மா கணக்கில் மாறாது. 

இ-சேவை மையம், நூலகம், பள்ளிக் கணினி அறை போன்ற இடங்களில் இன்னொரு சங்கதி உண்டு. ஒவ்வொரு முறை அணைத்து ஏற்றும்போதும் கணினி பழைய நிலைக்கே திரும்பும்படி அமைத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு காலையும் கேள்வி புதிதாக வரும். மையம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூடி மூடி அலுத்துப்போகாமல், பூட்டைத் திறந்து ஒரு முறை டீஃபால்ட்டைச் சரியாக வைத்து, பிறகு பூட்டுங்கள். கணினிகள் அதிகம் என்றால் குரோம், எட்ஜ் இரண்டிலும் நிர்வாகிகளுக்கென்று ‘டீஃபால்ட் பிரவுசர் செட்டிங் எனேபிள்டு’ என்ற கொள்கை அமைப்பு இருக்கிறது. அதை அணைத்தால் பிரவுசர் தன்னைச் சரிபார்ப்பதையே விட்டுவிடும். கணினி பராமரிப்பவரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், அவருக்குப் புரியும். மையத்துக்கு வரும் மக்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும்போது இப்படி எது கேட்டாலும், முன்னால் இருக்கும் ஊழியரிடமே விட்டுவிடுங்கள். பொதுக் கணினியில் பாஸ்வேர்டைச் சேமிக்கவும் வேண்டாம்.

பாஸ்வேர்டு காணாமல் போனவர்களுக்கு

பெரியப்பா மாதிரி ஏற்கெனவே ‘சரி’ சொல்லிவிட்டு விழிப்பவர்கள், மேலே சொன்ன வழியில் பழைய பிரவுசரையே மறுபடி டீஃபால்ட் ஆக்கினால் எல்லாம் முன்போல் ஆகிவிடும். புதியதே பிடித்திருக்கிறது என்றால், அதன் செட்டிங்ஸில் ‘இம்போர்ட்’ என்று தேடுங்கள். பழைய பிரவுசரிலிருந்து புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் கொண்டுவரலாம். பாஸ்வேர்டுகளை ஒரு கோப்பாக வெளியே எடுத்து ஏற்றும் முறையைப் பயன்படுத்தினால், வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழியுங்கள். அதில் உங்கள் பாஸ்வேர்டுகள் எல்லாம் பூட்டில்லாமல், யாரும் படிக்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

இதையும் கவனியுங்கள்: போலிக் கேள்விகள்

பெரியப்பா பயந்தது இந்தத் தடவை வீண் பயம். ஆனால் பயமே தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ‘உங்கள் பிரவுசர் பழையதாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யவும்’, ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழைக்கவும்’ என்று பிரவுசர் கேட்பது மாதிரியே வேஷம் போட்டு வரும் இணையப் பக்கங்கள் உண்டு. தினமும் ஏதாவது கேட்டுக் கேட்டு, யோசிக்காமல் ‘சரி’ அழுத்தும் பழக்கம் நமக்கு வந்துவிட்டால், அந்தக் கை இங்கேயும் தானாக அழுத்திவிடும். இந்தச் சின்னத் தொல்லையை நிறுத்தச் சொல்லி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

உண்மை எது, போலி எது? சந்தேகம் வந்தால் பிரவுசரில் புதிதாக ஒரு வெற்று டேபைத் திறந்து பாருங்கள். போலியான கேள்வி அது வந்த பக்கத்தோடு நின்றுவிடும். அந்த டேபை மூடினால் அதுவும் போய்விடும். டீஃபால்ட் ஆக்கச் சொல்லும் நிஜக் கேள்வி உங்களிடம் ஓடிபி கேட்காது, போன் எண் கேட்காது, பணம் கேட்காது, எதையும் இறக்கி நிறுவச் சொல்லாது. அப்டேட் செய்ய வேண்டுமென்றால் பிரவுசரின் மெனுவில் ‘ஹெல்ப்’ பகுதியில் உள்ள ‘அபவுட்’ பக்கத்துக்குப் போனால் தானே சரிபார்த்துக்கொள்ளும். வேறெங்கும் போக வேண்டாம்.

திரையின் வலது மூலையில் ஓயாமல் ஏதாவது எட்டிப் பார்க்கிறது என்றால், எப்போதோ ஒரு தளத்துக்கு ‘அலோ’ கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். குரோமில் ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய், தெரியாத தளங்களின் பெயர்களை நீக்குங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு அதிகம்.

நச்சரிப்புக்கும் விதி உண்டு

இது பலருக்குத் தெரியாது. நுகர்வோரைத் தந்திரமாகத் திசைதிருப்பும் திரை வடிவமைப்புகளை ‘டார்க் பேட்டர்ன்’ என்கிறார்கள். இவற்றைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் 13 வகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றின் பெயரே ‘நாகிங்’, நம் பேச்சில் நச்சரிப்பு. வணிக லாபத்துக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டு, குறுக்கிட்டு, பயனாளரை எரிச்சலூட்டுவது என்பது அதன் சாரம். ‘எங்கள் செயலியை இறக்குங்கள்’ என்று ஓயாமல் கேட்பது, ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியே வைக்காமல் அறிவிப்புகளை இயக்கச் சொல்வது ஆகியவற்றை அதில் உதாரணமாகவே காட்டியிருக்கிறார்கள்.

பிரவுசர் ஒரு தடவை கேட்பதெல்லாம் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. புதிதாக நிறுவியதும் ஒரு முறை கேட்பது நியாயம்தான். மறுக்க வழியே வைக்காமல் நச்சரிக்கும் தளமோ செயலியோ உங்களுக்கு இழப்பு உண்டாக்கினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். அழைப்பதற்கு முன் விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எத்தனை முறை வந்தது, மறுத்த பிறகும் வந்ததா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புகார் பதிவானதும் தரும் எண்ணையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.